இரண்டு மஞ்சளுக்கு நாலு பச்சை

மாரி ஓய்ந்து அருவி வெட்டுத் தொடங்கியிருந்த ஒரு பின்னேரம், விசுவமடுப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். தலைக்கவசத்தைக் கழற்ற முன்பே கைபேசியை நீட்டினான்.

"அண்ணை, இதைப் பாருங்கோ. தாயும் மஞ்சள், தகப்பனும் மஞ்சள். குஞ்சு நாலும் பச்சை. வித்த ஆள் என்னை நல்லா ஏமாத்திப்போட்டார்."

படத்தில் கூட்டுப்பெட்டிக்கு முன்னால் லூட்டினோ என்ற மஞ்சள் வகை லவ் பேர்ட்ஸ் இரண்டு, எலுமிச்சம்பழ மஞ்சளில், முகத்தில் செம்மையோடு. பெட்டிக்குள் இறகு முளைத்த நாலு குஞ்சுகள், நாலும் முருங்கை இலைப் பச்சை. போன போகத்து நெல்லை விற்ற காசில் வாங்கிய சோடி. வீட்டில் ஆளுக்கொரு விளக்கம் சொல்லியிருக்கிறார்கள். கூட்டுக்கு வெளியே வந்து போகும் காட்டுக்கிளியின் வேலை என்றாராம் அம்மா. வாங்கும்போதே மஞ்சள் சாயம் பூசியிருப்பார்கள் என்றாராம் பக்கத்து வீட்டுக்காரர். தம்பியோ விற்றவரோடு சண்டைக்குப் போகும் மனநிலையில் இருந்தான்.

கிளி கம்பி வலைக்குள் வராது. சாயமும் இல்லை. விற்றவர் மஞ்சள் என்று கொடுத்ததும் உண்மையான மஞ்சள்தான். ஆனாலும் அந்தச் சோடிக்கு மஞ்சள் குஞ்சு பிறக்க வழியே இல்லை. ஏன் என்பதைச் சொல்லக் கொஞ்சம் சுற்றித்தான் வரவேண்டும்.

முதலில் பெயர்க் குழப்பம். எங்கள் பக்கத்தில் "லவ் பேர்ட்ஸ் இருக்கா" என்று கேட்டால் பெரும்பாலும் காட்டுவது பட்ஜியைத்தான். அது அவுஸ்திரேலியாப் பறவை. நீண்ட வால், சின்னச் சொண்டு. உண்மையான லவ் பேர்ட் ஆபிரிக்காவுக்கு உரியது. கட்டை வால், தடித்த சொண்டு, கடித்தால் விரலில் இரத்தம் வரும். கடைக்காரர்கள் இதை "ஆபிரிக்கன் லவ் பேர்ட்ஸ்" என்று பிரித்துச் சொல்கிறார்கள். அறிவியல் இதன் சாதிக்கு வைத்த பெயர் அகப்போர்னிஸ். அன்பு, பறவை என்ற இரண்டு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை. அதில் 9 இனங்கள் இருக்கின்றன. வன்னி வளவுகளில் நான் கண்டவை பெரும்பாலும் மூன்றுதான்: நமீபியா, அங்கோலாப் பக்கத்து வறண்ட நிலத்துப் பீச்பேஸ், தன்சானியாவின் பிஷர், அதே நாட்டின் கறுத்த தலை மாஸ்க்ட். பின்னைய இரண்டுக்கும் கண்ணைச் சுற்றி இறகில்லாத வெள்ளை வளையம் இருக்கும், சொண்டு சிவப்பு. பீச்பேஸுக்கு அந்த வளையம் இல்லை. சொண்டு வெளிறிய கொம்பு நிறம். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்திருங்கள். தம்பியின் கதை முழுக்க இதில்தான் தொங்குகிறது.

இனி நிறம். வன்னியில் மயிலிறகுக்குப் பஞ்சமில்லை. ஒரு மயிலிறகை எடுத்து உரலில் இட்டு இடித்துப் பாருங்கள். நீலப் பொடி வராது; கபிலப் பொடிதான் வரும். வாய்க்கால் ஓரத்து மீன்கொத்தியின் நீலமும் அப்படித்தான். இறகில் நீலச் சாயம் என்று ஒன்று இல்லை. இறகின் நுண்ணிய அமைப்பு வெளிச்சத்தைச் சிதறடித்து நீலத்தை மட்டும் எங்கள் கண்ணுக்கு அனுப்புகிறது. லவ் பேர்ட்டின் இறகுக்குள் நுரை போன்ற ஒரு படலம் இந்த வேலையைச் செய்கிறது. அதற்கு உள்ளே மெலனின் என்ற கறுப்பு நிறப்பொருள் இருந்து மிச்ச வெளிச்சத்தை விழுங்கிக்கொள்கிறது. வெளிப்பக்கத்தில் மஞ்சள் நிறப்பொருள். கிளிக் குடும்பத்தில் மட்டும் காணப்படும் சிட்டகோபல்வின் என்ற வகை அது. முகத்துச் சிவப்பும் அதே வகைதான். நீலத்தின் மேல் மஞ்சள் படிந்தால் பச்சை. காட்டுப் பறவையின் பச்சை இப்படிக் கூட்டாக உண்டாவது.

இது விளங்கினால் மற்றதெல்லாம் கழித்தல் கணக்கு. மஞ்சள் சமைக்கும் வேலை நின்றுவிட்டால் நீலம் மட்டும் மிஞ்சும்: நீலப் பறவை. மெலனின் சமைக்கும் வேலை நின்றுவிட்டால் நீலம் எழும்ப முடியாது, மஞ்சள் மட்டும் மிஞ்சும்: லூட்டினோ. பச்சைப் பீச்பேஸின் முதுகடியில் இருக்கும் நீலத் திட்டு லூட்டினோவில் வெள்ளையாகிவிடுவதைக் கவனித்திருப்பீர்கள். அங்கே முதலிலேயே மஞ்சள் இல்லை, கறுப்பும் போனால் வெள்ளைதான். இரண்டு வேலையும் நின்றால் உடல் முழுக்க வெள்ளை, கண் சிவப்பு.

உயர்தர உயிரியல் படித்த பிள்ளைகளுக்கு இதற்கான சொல் தெரியும்: விகாரம். பரம்பரையலகில் ஏற்படும் ஒரு மாற்றம். அது மிகச் சின்னதாகவும் இருக்கலாம். பட்ஜிகளில் பச்சை நீலமாவதற்குக் காரணம், மஞ்சளைச் சமைக்கும் நொதியில் ஒரேயோர் அமினோ அமிலம் மாறியதுதான் என்று 2017 இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஒரு நீண்ட சமையல் குறிப்பில் ஒரு எழுத்துப் பிழை. பச்சை போய் நீலம் வந்துவிட்டது.

நீலம் லவ் பேர்ட்ஸில் மிகப் பழைய விகாரம். 1920களிலேயே காட்டில் நீல மாஸ்க்ட் பறவை பிடிபட்டது. இதன் பரம்பரை வழி எளிமையானது. ஒவ்வொரு பறவையிலும் இந்தப் பரம்பரையலகுக்கு இரண்டு பிரதிகள், தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. ஒரு பிரதி நல்லதாக இருந்தாலே மஞ்சள் போதுமான அளவு சமைபடும், பறவை பச்சையாகவே இருக்கும். இரண்டு பிரதியும் கெட்டால்தான் நீலம். பாடப்புத்தகம் இதைப் பின்னிடைவு என்கிறது. ஒரு கெட்ட பிரதியை உள்ளே வைத்துக்கொண்டு வெளியே பச்சையாகத் திரியும் பறவையை வளர்ப்பவர்கள் "ஸ்பிளிட்" என்கிறார்கள். பார்வைக்கு ஸ்பிளிட்டும் சுத்தப் பச்சையும் ஒன்றுதான்.

இரண்டு ஸ்பிளிட் பச்சை சேர்ந்தால் சராசரியாக நாலில் ஒன்று நீலம். இங்கேதான் நிறையப் பேர் மனமுடைகிறார்கள். நாலில் ஒன்று என்றால் நாலு குஞ்சில் ஒன்று கட்டாயம் நீலமாக இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு முட்டையும் தனித்தனிச் சீட்டு; முன்னைய முட்டையில் என்ன விழுந்தது என்று அதற்குத் தெரியாது. நாலு குஞ்சும் பச்சையாகவே வரும் வாய்ப்பு 100க்கு ஏறக்குறைய 32. அதாவது இப்படியான மூன்று பெட்டிகளில் ஒன்றில் நீலமே இராது. அதைப் பார்த்து "சோடி சரியில்லை" என்று பிரிப்பது அவசரம். சந்தேகப் பறவை ஸ்பிளிட்டா என்று அறிய வேண்டுமானால் அதை நீலப் பறவையோடு சேர்க்க வேண்டும். ஸ்பிளிட் என்றால் குஞ்சுகளில் சரிபாதி நீலமாக வர வாய்ப்பு. ஒரு நீலக் குஞ்சு வந்துவிட்டால் விடை கிடைத்துவிடும். ஐந்து குஞ்சும் பச்சையாக வந்தால் ஸ்பிளிட் இல்லை என்று அநேகமாகச் சொல்லலாம். ஸ்பிளிட் பறவையாக இருந்தும் அப்படி நடக்க 32க்கு ஒரு வாய்ப்புத்தான்.

பீச்பேஸில் இன்னொரு சிக்கல். மஞ்சளை முழுதாகத் துடைத்த நீலம் அதில் நிலைபெறவில்லை. பாதி துடைத்த அக்வாவும் டர்க்கோய்ஸும்தான் இருக்கின்றன. 1963 இல் ஒல்லாந்தில் தோன்றிய முதல் வகையைத்தான் பழைய ஆட்கள் இன்னும் "டச் புளூ" என்கிறார்கள். அக்வாவும் டர்க்கோய்ஸும் ஒரே பரம்பரையலகின் இரு வேறு மாற்றங்கள். ஒன்றில் ஒரு பிரதியும் மற்றதில் ஒரு பிரதியும் சேர்ந்தால் இரண்டுக்கும் இடைப்பட்ட கடல்பச்சை வரும். மஞ்சள் முழுதாகப் போகாததால்தான் பீச்பேஸில் சுத்த வெள்ளைக்குப் பதிலாகப் பால்மஞ்சள் நிறத்துக் கிரீமினோ கிடைக்கிறது. "பீச்பேஸ் அல்பினோ" என்று யாராவது விலை சொன்னால் அதை வெயில் வெளிச்சத்தில் நிறுத்திப் பாருங்கள்.

நிறத்தைக் கடுமையாக்கும் டார்க் ஃபக்டர் என்ற விகாரம் ஒளிந்து விளையாடாது. ஒரு பிரதி இருந்தால் ஒரு படி இருள், இரண்டு இருந்தால் இரண்டு படி. பச்சைத் தொடரில் பச்சை, கரும்பச்சை, ஒலிவ். நீலத் தொடரில் நீலம், கோபால்ட், சாம்பல் பூத்த மோவ். கோபால்ட்டையும் கோபால்ட்டையும் சேர்த்தால் எல்லாம் கோபால்ட்டாகாது. பாதிதான் ஆகும், கால்வாசி நீலத்துக்குத் திரும்பும், கால்வாசி மோவ். கோபால்ட் குஞ்சுதான் வேண்டுமென்றால் நீலத்தையும் மோவையும் சேர்த்துவிட்டால் போதும், அத்தனையும் கோபால்ட். வயலட்டும் இதே மாதிரிப் படிப்படியாகக் கூடுவதுதான். ஒரு கோபால்ட்டின் மேல் அது விழும்போது வருகிற ஊதாவை நான் முதலில் பார்த்த நாளில் சாப்பாட்டை மறந்து நின்றேன்.

இப்போது மஞ்சளுக்கு வருவோம்.

பரம்பரையலகுகளைச் சுமக்கும் நிறமூர்த்தங்களில் பாலைத் தீர்மானிக்கும் சோடி ஒன்று உண்டு. மனிதரில் ஆணுக்கு அது ஒரு எக்ஸ், ஒரு வை (X, Y); பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். நிறக்குருடு ஏன் ஆண்களில் அதிகம் என்று வகுப்பில் படித்திருப்போம்: ஆணிடம் ஒரே ஒரு எக்ஸ், அது கெட்டால் ஈடுகட்ட இன்னொன்று இல்லை. பறவைகளில் இது தலைகீழ். ஆணுக்கு இரண்டு இசட் நிறமூர்த்தங்கள்; பெட்டைக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. பீச்பேஸின் லூட்டினோ விகாரம் இசட்டில் இருக்கிறது. ஆகவே ஆணுக்கு இரண்டு இசட்டும் கெட்டால்தான் மஞ்சள். பெட்டைக்கு உள்ள ஒன்று கெட்டாலே மஞ்சள். ஓப்பலின், சினமன், பலிட் ஆகிய வேறு நிற விகாரங்களும் இதே வழிதான்.

இதிலிருந்து வரும் முக்கியமான விடயம்: பீச்பேஸ் பெட்டை லூட்டினோவுக்கு ஸ்பிளிட்டாக இருக்கவே முடியாது. ஒளித்து வைக்க அதற்கு இரண்டாவது இசட் இல்லை. ஒன்றில் மஞ்சள், இல்லையேல் சுத்தம். "ஆணும் பெட்டையும் லூட்டினோ ஸ்பிளிட்" என்று சொல்லிப் பச்சைப் பீச்பேஸ் சோடிக்குக் கூடிய விலை கேட்டால், பெட்டையின் பங்குக்குக் கொடுக்கும் மேலதிகக் காசு வீண். விற்பவர் அறிந்து பொய் சொல்கிறார் என்று நான் நினைப்பதில்லை. பட்ஜியில் கேட்டதையும் மாஸ்க்ட்டில் கேட்டதையும் கலந்து சொல்பவர்கள்தான் அதிகம்.

மஞ்சள் ஆணையும் பச்சைப் பெட்டையையும் சேர்த்தால் பெட்டைக் குஞ்சுகள் அத்தனையும் மஞ்சள். ஆண்கள் அத்தனையும் பச்சை, உள்ளே ஸ்பிளிட். பெட்டைக்குத் தகப்பனின் இசட் மட்டும்தான் வரும் என்பதால் இப்படி. இது வளர்ப்பவருக்குப் பெரிய உதவி. லவ் பேர்ட்ஸில் ஆண் பெட்டை பார்த்தறிவது கடினம். இடுப்பெலும்பைத் தடவிச் சொல்பவர்களும் பிழைவிடுகிறார்கள். இந்தச் சேர்க்கையில் பொரித்த அன்றே தெரிந்துவிடும்: மூடிய இமைக்குப் பின்னால் சிவந்த கண் தெரிந்தால் பெட்டை, கருமை தெரிந்தால் ஆண். மறுபக்கமாகப் பச்சை ஆணையும் மஞ்சள் பெட்டையையும் சேர்த்தால் எல்லாமே பச்சை. ஆண்கள் மட்டும் தாயின் கெட்ட இசட்டைச் சுமப்பார்கள். அப்படிப்பட்ட ஸ்பிளிட் ஆணை மீண்டும் ஒரு பச்சைப் பெட்டையோடு விட்டால், பெட்டைக் குஞ்சுகளில் பாதி மஞ்சளாக வரலாம்.

பிஷர் லூட்டினோவுக்கோ இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அதன் மஞ்சள் வேறொரு பரம்பரையலகின் விகாரம். இசட்டில் இல்லை, சாதாரண நிறமூர்த்தத்தில் இருக்கிறது. நீலத்தைப் போல நேரான பின்னிடைவு: ஆணோ பெட்டையோ, இரண்டு பிரதியும் கெட்டால்தான் மஞ்சள், இருபாலாரும் ஸ்பிளிட்டாக இருக்கலாம். மெலனின் சமைவது பல படிகளில் நடக்கும் வேலை. பீச்பேஸில் ஒரு படி உடைந்திருக்கிறது, பிஷரில் இன்னொரு படி. இரண்டிலும் கடைசியில் கறுப்பு வராது, ஆகவே எங்கள் கண்ணுக்கு இரண்டும் ஒரே மஞ்சள்.

தம்பியின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு பறவைக்குச் சிவந்த சொண்டு, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். மற்றதற்கு வளையம் இல்லை, சொண்டு கொம்பு நிறம். மஞ்சள் பிஷர் ஆணும் மஞ்சள் பீச்பேஸ் பெட்டையும். தகப்பனின் பக்கம் உடைந்த படியைத் தாயின் நல்ல பிரதி ஈடுகட்டியது. தாயின் பக்கம் உடைந்த படிக்குத் தகப்பனின் நல்ல இசட் வந்தது. நாலு குஞ்சிலும் இரண்டு படியும் வேலை செய்தன, மெலனின் சமைந்தது, பச்சை திரும்பிவிட்டது. அந்தச் சோடி நூறு முட்டை இட்டாலும் நூறும் பச்சைதான். (பீச்பேஸ் ஆணாகவும் பிஷர் பெட்டையாகவும் இருந்திருந்தால் கதை மாறியிருக்கும்: பெட்டைக் குஞ்சுகள் தகப்பனின் கெட்ட இசட்டை வாங்கி மஞ்சளாகவே பிறந்திருக்கும், யாருக்கும் சந்தேகம் வந்திராது.)

குஞ்சு பச்சையாய் வந்ததை விட எனக்குக் கவலை தந்தது வேறு. பீச்பேஸுக்கும் வளையக்கண் இனங்களுக்கும் பிறக்கும் கலப்புக் குஞ்சுகள் மலடு. கோவேறு கழுதை மாதிரி, உடம்பில் திடம் இருக்கும், சந்ததி இராது. பிஷரும் மாஸ்க்ட்டும் சேர்ந்தால் பிறப்பவை முட்டையிட்டுப் பொரிக்கும். ஒரு வளையக்கண் இனத்தின் நிறத்தை இன்னொன்றுக்கு ஏற்றியதே அப்படித்தான். ஆனால் அதைத் தொடர்ந்து செய்தால் பிஷரும் இல்லாத மாஸ்க்ட்டும் இல்லாத அழுக்குத் தலைப் பறவைகள் பெருகும். இப்போதே பல கூடுகளில் அதுதான் நடக்கிறது. ஓர் இனத்தை அதன் இனமாக வைத்திருப்பது புதிய நிறம் எடுப்பதைவிட முக்கியம் என்பது என் உறுதியான எண்ணம்.

கலப்புக் குஞ்சுகளின் தடுமாற்றம் நிறத்தோடு நிற்பதில்லை. கூட்டுக்குள் ஒரு தென்னோலையைப் போட்டுப் பாருங்கள். பீச்பேஸ் பெட்டை ஓலையைச் சொண்டால் நெடுக நறுக்கி, ஒரே அளவான கீற்றுகளாக்கி, முதுகடி இறகுகளுக்குள் செருகிக்கொண்டு பெட்டிக்குப் போகும். கிடுகு பின்னும் அம்மாமாரின் கைவேகம் அதில் இருக்கும். பிஷரோ கீற்றைச் சொண்டில் கவ்வித் தூக்கிக்கொண்டு போகும். இந்த இரண்டையும் கலந்து பிறந்த பறவைகள் என்ன செய்கின்றன என்று அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்து வில்லியம் டில்கர் பார்த்து 1962 இல் எழுதினார். அவை கீற்றை முதுகில் செருக முயன்றன, சரியாகச் செருகாமல் விட்டன, கீற்று விழுந்தது, மீண்டும் முயன்றன. சொண்டில் தூக்கிச் செல்லப் பழக அவற்றுக்கு ஆண்டுகள் பிடித்தன. பழகிய பின்னும் முதுகுப் பக்கம் தலையைத் திருப்பும் அசைவு விடவில்லை. நடத்தையும் பரம்பரையாக இறங்குகிறது என்பதற்கு உலகப் பாடப்புத்தகங்கள் காட்டும் உதாரணம் இது. தம்பியின் நாலு குஞ்சுகளுக்கும் முன்னால் இருப்பது இதுதான்.

வன்னியில் இன்னுமொரு ஆபத்து உண்டு. 2009க்குப் பிறகு மீளக்குடியேறியவர்கள் வெறும் வளவிலிருந்துதான் எல்லாவற்றையும் தொடங்கினார்கள், பறவைகளையும். நான் அறிந்த கூடுகள் பல, வவுனியாவிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த ஓரிரு சோடிகளிலிருந்து பெருகியவை. ஊருக்குள்ளேயே கைமாறி, அண்ணனுக்கும் தங்கைக்கும் முட்டை வைப்பது அறியாமல் நடக்கிறது. ஒளிந்திருக்கும் நீலம் வெளியே வருவதற்கு உதவும் அதே வழியில், ஒளிந்திருக்கும் குறைகளும் வெளியே வரும்: பொரிக்காத முட்டை, வளராத குஞ்சு. காலில் வளையமும் ஒரு கொப்பியும் இருந்தால் இதில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம். குஞ்சாக இருக்கும்போது போடும் மூடிய வளையத்தைப் பிறகு கழற்ற முடியாது; அதில் உள்ள இலக்கமே அந்தப் பறவையின் பிறப்புப் பத்திரம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பச்சைப் பறவையின் உடம்பில் ஆங்காங்கே சிவப்பு பரவி வந்தால் அதைப் புது விகாரம் என்று நினைத்து விலை ஏற்ற வேண்டாம். அது பல வேளைகளில் ஈரல் நோயின் அல்லது சத்துக் குறைவின் அடையாளம். இறகு மாறியபின் மறைந்தும் போகலாம், குஞ்சுக்கு இறங்குவதும் இல்லை. அந்தப் பறவைக்குத் தேவை மிருக வைத்தியர்.

தம்பி விற்றவரோடு சண்டைக்குப் போகவில்லை. பிஷர் ஆணைப் பிரித்துத் தனிக்கூட்டில் விட்டான், அதற்கொரு பிஷர் பெட்டை தேடிக்கொண்டிருக்கிறான். கலப்புக் குஞ்சுகள் நாலையும் விற்காமல் வளர்க்கிறான். அவற்றை யாரும் சோடி சேர்த்துக் காத்திருந்து ஏமாறக்கூடாது என்றான். மஞ்சள் பீச்பேஸ் பெட்டைக்குப் பரந்தனில் ஒரு பச்சைப் பீச்பேஸ் ஆண் கிடைத்தது. சோளகம் வீசத் தொடங்கிய நாட்களில் ஐந்து முட்டை, 23 நாளில் மூன்று பொரித்தன. மூன்றும் கருங்கண், மூன்றும் பச்சை. இந்த முறை தொலைபேசியில் அவன் குரலில் கோபம் இல்லை.

"ஆண் எல்லாம் ஸ்பிளிட், என்ன அண்ணை?"

"ஓம். பெட்டை எல்லாம் சுத்தப் பச்சை."

எது ஆண், எது பெட்டை என்று அந்த மூன்றிலும் பார்த்துச் சொல்ல முடியாது. கொப்பியில் மூன்று வளைய இலக்கங்களையும் எழுதி, எதிரே இடம் விட்டு வைத்திருக்கிறான். குஞ்சுகள் வளர்ந்து பெரிய கூட்டுக்கு மாறியதும் நாளுக்கொரு பச்சைத் தென்னோலை போடுவதாகச் சொன்னான். எது கீற்றை நறுக்கி முதுகில் ஒழுங்காகச் செருகுகிறதோ அதன் இலக்கத்துக்கு எதிரே அநேகமாகப் பெட்டை என்று எழுதலாம். மற்றவை தாயின் மஞ்சளை உள்ளே வைத்திருக்கின்றன.